எல்லைக் கோடுகளும் நீதியின் அளவுகோலும்: இலங்கைத் தேர்தல் தொகுதி நிர்ணயம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

2018 ஆகஸ்ட் 24 ஆம் திகதி இலங்கைப் பாராளுமன்றத்தில் நடைபெற்ற ஒரு வாக்கெடுப்பு நமது அரசியல் வரலாற்றில் அபூர்வமானது. மாகாண சபைத் தேர்தல்களுக்கான தொகுதிகளைப் புதிதாக வகுத்த எல்லை நிர்ணயக் குழுவின் அறிக்கை அன்று சபையின் அங்கீகாரத்துக்காக முன்வைக்கப்பட்டது. எதிராக 139 வாக்குகள் அளிக்கப்பட்டன. ஆதரவாக ஒரு வாக்குத்தானும் கிடைக்கவில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே அதனை எதிர்த்து வாக்களித்தார். ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு, சிங்கள, தமிழ், முஸ்லிம், மலையகக் கட்சிகள் என்ற பேதமின்றி அனைவரும் அந்த வரைபடத்தை நிராகரிப்பதில் ஒன்றுபட்டனர்.

அந்த வரைபடம் அநீதியானது என்று பலரும் கூறினர். எந்த அளவுகோலைக் கொண்டு அளந்து அவ்வாறு கூறினர் என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினாவாகும். தொகுதிகளின் சனத்தொகை சமமாக இல்லை என்பதா? ஒரு சமூகத்தின் ஊர்கள் துண்டாடப்பட்டன என்பதா? தமது கட்சிக்குக் கிடைக்கும் ஆசனங்கள் குறையும் என்பதா? இவை மூன்றும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள். இவற்றை வேறுபடுத்தி நோக்காத வரையில் நீதியான ஆட்சேபமும் சுயநலமும் ஒரே குரலில் பேசும். முன்வைக்கப்படும் ஒரு தொகுதி வரைபடம் நீதியானதா என்பதை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை, நமது நாட்டின் அனுபவத்தைக் கொண்டே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

பங்கீடு பற்றிய ஒரு பழைய பாடம்

ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹ் நூல்களில் ‘கிஸ்மா’ எனும் பாடம் உண்டு. பலருக்குப் பொதுவான சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் முறையை அது விளக்குகிறது. இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ இதனை நீதித்துறை பற்றிய பகுதியோடு இணைத்தே பேசுகிறது. பிரித்தல் என்பது வெறும் அளவை வேலையன்று, அது தீர்ப்பு வழங்குவதன் ஒரு கிளை என்பதே இதன் உட்பொருளாகும்.

அங்கு பங்கீடு மூன்று வகையாகப் பிரித்து நோக்கப்படுகிறது. தானியம் போன்று எல்லாப் பாகங்களும் ஒத்திருக்கும் பொருளை அளவால் சமமாகப் பிரிப்பது முதலாவது. ஒரு பகுதி நீர்வளமும் மறுபகுதி வறட்சியும் உடைய நிலத்தை, பரப்பளவால் அன்றிப் பெறுமதியால் சமப்படுத்திப் பிரிப்பது இரண்டாவது. இது ‘தஃதீல்’ எனப்படும். பிரிக்கவே இயலாத ஒன்று ஒரு பங்கில் அமைந்துவிடும்போது, அதனைப் பெற்றவர் மற்றவருக்கு ஈடுசெய்வது மூன்றாவது. பிரிப்பவர் நேர்மையாளராகவும், நில அளவையும் கணக்கும் அறிந்தவராகவும் இருக்க வேண்டும். எந்தப் பங்கு யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கலால் தீர்மானிக்கப்படும். கோடு கீறுபவரே பங்கையும் தேர்ந்துகொள்ளலாகாது என்பது இதன் நோக்கமாகும்.

அந்நூல்கள் தேர்தல் தொகுதிகளைப் பற்றிப் பேசவில்லை. அவ்வாறு வலிந்து பொருள்கொள்வதும் நமது நோக்கமன்று. ஆயினும், அளவில் சமமான பங்குகள் பெறுமதியில் சமமாக இருக்கவேண்டியதில்லை என்ற அந்த நுட்பம் நமது ஆய்வுக்கு மிகவும் பயன்படும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு பிரதேசத்தில் 500 வாக்காளர்கள் வாழ்கின்றனர். அவர்களுள் 200 பேர் ஒரு சிறுபான்மைச் சமூகத்தினர். பிரதேசம் 100 வாக்காளர் வீதம் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட வேண்டும். எல்லாரும் தத்தம் சமூகத்தவருக்கே வாக்களிக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தொகுதியிலும் சிறுபான்மையினர் 40 பேர் வீதம் அமையுமாறு கோடு கீறினால் அவர்களுக்கு ஓர் ஆசனமும் கிடையாது. ஒரு தொகுதியில் 100 பேரையும் ஏனைய நான்கிலும் 25 பேர் வீதமும் வைத்தால் ஓர் ஆசனம் கிடைக்கும். இரண்டு தொகுதிகளில் 70 பேர் வீதமும் மூன்றில் 20 பேர் வீதமும் அமைந்தால் இரண்டு ஆசனங்கள். மூன்று தொகுதிகளில் 60 பேர் வீதமும் இரண்டில் 10 பேர் வீதமும் அமைந்தால் மூன்று ஆசனங்கள். மக்கள் அதே மக்கள், தொகுதிகளின் அளவும் அதே அளவு. கோடு மாத்திரமே மாறியது. சிதறடிப்பதாலும் ஒரே இடத்தில் குவிப்பதாலும் ஒரு சமூகத்தின் வாக்கு வீணாக்கப்படலாம். கடைசி உதாரணத்தில் அநீதி பெரும்பான்மைக்கே இழைக்கப்படுகிறது என்பதையும் மறந்துவிடலாகாது.

தொகுதியின் வடிவமும் தனித்து நின்று சாட்சி சொல்லாது. 1812 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கைச்சாத்திட்ட சட்டத்தால் உருவான ஒரு தொகுதி பல்லி போன்ற உருவில் இருந்தது. எதிரணியினர் அதனை ஏளனம் செய்து வழங்கிய பெயரே ‘ஜெரிமாண்டர்’ என நிலைத்துவிட்டது. அன்று முதல் கோணலான தொகுதியைக் கண்டால் ஐயம் கொள்வது வழக்கமாயிற்று. ஆனால் கல்முனை முதல் பொத்துவில் வரை கரையோரமாக நீளும் ஊர்களை ஒரு தொகுதியாக்கினால் அது ஒடுங்கி நீண்டதாகவே இருக்கும். மக்கள் அவ்வாறே வாழ்கின்றனர். அழகிய சதுரத்தினுள்ளும் ஓர் ஊர் இரண்டாக வெட்டப்பட்டிருக்கலாம்.

இனவாரி ஆசனத்திலிருந்து பிரதேசத் தொகுதிக்கு

இலங்கைச் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கென ஒரு நியமன அங்கத்தவர் முதன்முதலாக 1889 இல் இடம்பெற்றார். அவர் எம். சி. அப்துர் ரஹ்மான் ஆவார். 1924 இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின் கீழ் முஸ்லிம் வாக்காளர்கள் தமக்கென மூன்று பிரதிநிதிகளைத் தெரிவுசெய்தனர். நாடு முழுவதிலும் சிதறி வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு இந்த ஏற்பாட்டில் எல்லைக் கோடு பற்றிய கவலை எழவில்லை.

1931 இன் டொனமூர் அரசியல் யாப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியது. கூடவே இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்து, நாட்டை 50 பிரதேசத் தொகுதிகளாகப் பிரித்தது. இனவாரி முறை மக்களைப் பிரித்து வைக்கிறது என்பது ஆணைக்குழுவின் நிலைப்பாடு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் விளைவு என்ன? 1931 தேர்தலில் மட்டக்களப்புத் தெற்கில் எச். எம். மாக்கான் மாக்கார் ஒருவரே முஸ்லிம்களிலிருந்து தெரிவானார். 1936 பொதுத் தேர்தலில் ஒரு முஸ்லிமும் தெரிவாகவில்லை. ரி. பி. ஜாயாவும் ஏ. ஆர். ஏ. ராசிக்கும் நியமனத்தின் மூலமே சபைக்குச் செல்ல நேர்ந்தது.

இங்கு எவரும் சதி செய்து கோடு கீறியதாகக் கூற வேண்டியதில்லை. சிதறி வாழும் சமூகத்துக்கு நடுநிலையான கோடும் பாதகமாக அமையலாம் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். வரைந்தவரின் எண்ணம் தூய்மையானது என்பது வரைபடம் நீதியானது என்பதற்குப் போதிய ஆதாரமன்று.

சோல்பரித் திட்டமும் பல அங்கத்தவர் தொகுதியும்

1944 இன் இறுதியில் இலங்கை வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன் இப்பிரச்சினை கூர்மையாக எழுந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கோரினார். ஆணைக்குழு அதனை நிராகரித்து, அமைச்சர்கள் முன்வைத்த வேறொரு திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு மாகாணத்திலும் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனம் என்பது அதன் அடிப்படை. மக்கள் அடர்த்தி குறைந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு நிலப்பரப்புக்கான ஆசனம் சாதகமாக அமையும் என எதிர்பார்க்கப்பட்டது. அடர்த்தி குறைந்த ஏனைய மாகாணங்களும் அதனால் பயன்பெற்றன. இன, மத அல்லது வேறு நலன்களால் ஒன்றுபட்ட ஒரு சிறுபான்மையினர் ஓரிடத்தில் கணிசமாக வாழ்ந்தால், அவர்கள் பிரதிநிதித்துவம் பெறக்கூடியவாறு எல்லையை வகுக்கவும், ஒன்றுக்கு மேற்பட்ட அங்கத்தவர்களைக் கொண்ட தொகுதிகளை அமைக்கவும் எல்லை நிர்ணய ஆணைக்குழுவுக்கு அதிகாரம் வழங்கப்பட்டது.

1946 இல் செயற்பட்ட முதலாவது ஆணைக்குழு, சனத்தொகை அடிப்படையில் 70, நிலப்பரப்பு அடிப்படையில் 25 என 95 ஆசனங்களை 89 தொகுதிகளுக்குள் வகுத்தது. அவற்றுள் 84 தொகுதிகள் தனி அங்கத்தவரைக் கொண்டவை. கடுகண்ணாவ, பதுளை, பலாங்கொடை, அம்பலாங்கொடை-பலப்பிட்டிய ஆகிய நான்கும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகள். கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவர்களைக் கொண்டது.

பல அங்கத்தவர் தொகுதியில் வாக்காளர் ஒருவருக்கு அங்கத்தவர் எண்ணிக்கைக்கேற்ப வாக்குகள் உண்டு. அவற்றைப் பிரித்தும் அளிக்கலாம், அனைத்தையும் ஒருவருக்கே குவித்தும் அளிக்கலாம். எனவே இரட்டைத் தொகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரும், மூன்று அங்கத்தவர் தொகுதியில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரும் ஒன்றுபட்டால் தமக்கென ஒரு பிரதிநிதியை உறுதியாகப் பெற்றுக்கொள்ள முடியும். 1947 இல் கொழும்பு மத்தியிலிருந்து ஏ. ஈ. குணசிங்ஹ, ரி. பி. ஜாயா, பீட்டர் கெனமன் ஆகிய மூவரும் தெரிவாயினர். ஒரு சிங்களத் தொழிற்சங்கவாதி, ஒரு முஸ்லிம் கல்விமான், ஒரு பறங்கியக் கம்யூனிஸ்ட் ஆகியோர் ஒரே தொகுதியிலிருந்து சபைக்குச் சென்றனர். தனி அங்கத்தவர் தொகுதியில் எவ்வளவு நுட்பமாகக் கோடு கீறினாலும் இவ்விளைவை ஏற்படுத்த முடியாது. பிரிக்க இயலாததைப் பிரிக்காமல் விட்டு ஈடுசெய்யும் ஏற்பாடு என இதனைக் கூறலாம்.

எனினும் திட்டத்தின் கணிப்பும் தேர்தலின் முடிவும் ஒன்றாக இருக்கவில்லை. 95 ஆசனங்களுள் சிங்களவருக்கு 58, இலங்கைத் தமிழருக்கு 15, இந்திய வம்சாவளித் தமிழருக்கு 14, முஸ்லிம்களுக்கு 8 கிடைக்கலாம் என முன்னர் மதிப்பிடப்பட்டிருந்தது. 1947 இல் தெரிவான முஸ்லிம்கள் 6 பேர். மலையகத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பெற்ற ஆசனங்களும் 6 மாத்திரமே. ஒரு வரைபடத்தை அதனை வரைந்தவர்களின் மதிப்பீட்டைக் கொண்டு ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

எண்ணப்பட்டோரும் வாக்களித்தோரும்

இதனைவிடப் பாரதூரமான அநீதி எந்தக் கோட்டையும் மாற்றாமலே நிகழ்ந்தது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 1947 இல் ஆறு ஆசனங்களை வென்ற மக்கள் ஐந்தே ஆண்டுகளில் பாராளுமன்றத்திலிருந்து மறைந்தனர்.

அம்மக்களின் தலைகள் முன்னர் எண்ணப்பட்டே மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களுக்கான ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவர்கள் வாக்குரிமை இழந்தபோது அந்த ஆசனங்கள் குறையவில்லை. எஞ்சிய வாக்காளர்களின் கைக்கு அவை மாறின. ஆகவே அங்கு வாழ்ந்த கண்டியச் சிங்கள வாக்காளர் ஒருவரின் வாக்குக்குக் கரையோர வாக்காளரின் வாக்கைவிடக் கூடிய பெறுமதி கிடைத்தது. அமெரிக்க யாப்பு 1787 இல் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி, அவர்களை அடிமைப்படுத்தியோரின் மாநிலங்களுக்கு ஆசனங்களைக் கூட்டிக் கொடுத்த வரலாறு இங்கு நினைவுக்கு வருகிறது. இரு சூழல்களும் வேறுபட்டவை. எண்ணுவதற்கு ஒருவர், ஆள்வதற்கு மற்றொருவர் என்ற முறை மாத்திரம் பொதுவானது. எனவே ஒரு வரைபடத்தை எடுத்து வைத்ததும், கோடு எங்கே செல்கிறது என்பதற்கு முன்னர் யார் எண்ணப்பட்டனர், யாருக்கு வாக்குண்டு என்று கேட்க வேண்டியுள்ளது.

மூதூரும் பொத்துவிலும் கூறும் சாட்சி

1959 இன் எல்லை நிர்ணயம் 145 தொகுதிகளையும் 151 ஆசனங்களையும் உருவாக்கியது. கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவர்களைக் கொண்டதாகத் தொடர்ந்தது. மட்டக்களப்பு, மூதூர், அக்குறணை, கொழும்பு தெற்கு ஆகியன இரட்டைத் தொகுதிகளாயின. 1976 இல் மீண்டும் எல்லைகள் வகுக்கப்பட்டபோது தொகுதிகள் 160 ஆகவும் ஆசனங்கள் 168 ஆகவும் உயர்ந்தன. கொழும்பு மத்தியும் நுவரெலியா-மஸ்கெலியாவும் மும்மூன்று அங்கத்தவர்களைப் பெற்றன. பேருவளை, ஹாரிஸ்பத்துவ, மட்டக்களப்பு, பொத்துவில் ஆகியன இரட்டைத் தொகுதிகள்.

1977 தேர்தலின் முடிவுகள் இத்தொகுதிகளின் பயனைத் தெளிவாகக் காட்டின. மட்டக்களப்பில் செ. இராஜதுரையும் பரீத் மீராலெப்பையும் தெரிவாயினர். ஹாரிஸ்பத்துவையில் ஏ. சீ. எஸ். ஹமீதும் பேருவளையில் எம். ஏ. பாக்கீர் மாக்காரும் வெற்றி பெற்றனர். கொழும்பு மத்தி ஆர். பிரேமதாசவோடு ஜாபிர் ஏ. காதரையும் ஹலீம் இஷாக்கையும் அனுப்பியது. நுவரெலியா-மஸ்கெலியாவின் மூன்றாவது அங்கத்தவராக சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். 1947 இன் பின்னர் மலையகத் தமிழர் ஒருவர் தேர்தல் மூலம் பாராளுமன்றம் செல்ல முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதற்கும் பல அங்கத்தவர் தொகுதியே வழி திறந்தது.

பொத்துவில் தொகுதியை நாம் தனியாகக் குறிப்பிட வேண்டும். அங்கு எம். ஏ. அப்துல் மஜீதுடன் எம். கனகரத்தினமும் தெரிவானார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பிரதேசத்தில் தமிழர் சிறுபான்மையினர். இரட்டைத் தொகுதி அங்கு பாதுகாத்தது அவர்களது குரலையாகும். இந்த ஏற்பாடு ஒரு சமூகத்துக்கான சலுகையன்று, எங்கு எவர் சிறுபான்மையினரோ அங்கு அவரைப் பாதுகாப்பது என்பதற்குப் பொத்துவிலே சான்று.

மூதூரின் கதை மறுபுறமானது. 1970 இல் இரட்டைத் தொகுதியாக இருந்த மூதூர், ஏ. எல். அப்துல் மஜீதையும் அ. தங்கத்துரையையும், அதாவது ஒரு முஸ்லிமையும் ஒரு தமிழரையும் அனுப்பியது. 1976 இல் மூதூர் தனி அங்கத்தவர் தொகுதியாக்கப்பட்டது. திருகோணமலை மாவட்டத்தில் சேருவில எனும் புதிய தொகுதி உருவானது. 1977 இல் மூதூரில் ஒரு முஸ்லிமும் சேருவிலவில் ஒரு சிங்களவரும் தெரிவாயினர். மூதூர்த் தமிழர்கள் தமது பிரதிநிதியை இழந்தனர். சிங்களக் குடியேற்ற மக்களுக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற வாதத்தை நாம் மறுக்க முடியாது. ஆனால் ஒருவருக்குக் கொடுப்பதற்காக மற்றொருவரிடமிருந்து எடுக்கப்பட்டது. நமது சமூகத்தின் ஆசனம் தப்பியதால் அந்த வரைபடம் நீதியானதாகிவிடாது.

தொகுதி முறையின் முடிவும் மீட்சியும்

தொகுதி முறையின் பெரிய குறைபாடு வேறோர் இடத்திலும் வெளிப்பட்டது. 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 38 சதவீத வாக்குகளைப் பெற்று 17 ஆசனங்களையே வென்றது. கூட்டணி அமைத்துப் போட்டியிட்ட ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 37 சதவீத வாக்குகளுக்கு 91 ஆசனங்களைப் பெற்றது. 1977 இல் நிலை தலைகீழானது. 51 சதவீத வாக்குகளுக்கு ஐக்கிய தேசியக் கட்சி 140 ஆசனங்களைப் பெற, ஏறத்தாழ 30 சதவீத வாக்குகளைப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே கிடைத்தன.

1978 இன் அரசியல் யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை அறிமுகப்படுத்தியது. மாவட்டமே தேர்தல் அலகாயிற்று. 1976 இன் 160 தொகுதிகள் வாக்கெண்ணும் பிரிவுகளாக மாத்திரம் எஞ்சின. நிலப்பரப்புக்கான பழைய ஏற்பாட்டின் சாயலில் மாகாணத்துக்கு நான்கு வீதம் 36 ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. ஆரம்பத்தில் 12.5 சதவீத வெட்டுப்புள்ளி சிறிய கட்சிகளுக்குத் தடையாக இருந்தது. 1988 இன் பதினைந்தாவது திருத்தம் அதனை 5 சதவீதமாகக் குறைத்தது. எம். எச். எம். அஷ்ரபின் முயற்சி இதில் குறிப்பிடத்தக்கது. சிதறி வாழும் சமூகத்தின் வாக்குகள் மாவட்ட மட்டத்தில் ஒன்றுசேர வாய்ப்பு ஏற்பட்டது. ஆனால் ‘எங்கள் ஊருக்கு ஒரு பிரதிநிதி’ என்ற உறவு அறுந்தது. மாவட்டம் முழுவதும் பிரசாரம் செய்யப் பணம் வேண்டியிருந்தது. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சியினர் தமக்குள் மோதினர்.

எனவே தொகுதிக்குத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததில் வியப்பில்லை. 2012 இன் சட்டமும் 2017 இன் திருத்தமும் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கலப்பு முறையைக் கொண்டுவந்தன. 2018 பெப்ரவரி 10 இல் அம்முறையில் முதல் தேர்தல் நடைபெற்றது. மாகாண சபைகளுக்கு, பாதி தொகுதி வழியாகவும் பாதி விகிதாசாரமாகவும் தெரிவுசெய்யும் முறையை 2017 செப்டெம்பரில் நிறைவேறிய சட்டம் ஏற்படுத்தியது. முன்னாள் நில அளவையாளர் நாயகம் கே. தவலிங்கம் தலைமையில் எல்லை நிர்ணயக் குழு அமைக்கப்பட்டது. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பற்றி நீண்டகாலம் ஆய்வுசெய்த புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ்வும் அதில் அங்கம் வகித்தார். அளவையும் கணக்கும் அறிந்தோர் இல்லை என்று அக்குழுவைப் பற்றி எவரும் கூற முடியாது.

ஆயினும் அறிக்கை தோற்கடிக்கப்பட்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே கிழக்கு மாகாணத்தில் வாழ்கின்றனர். எஞ்சியோர் ஏனைய மாகாணங்களில் சிதறி வாழ்வதால் பிரதிநிதித்துவம் குறையும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. மலையகக் கட்சிகளும் இதே அச்சத்தை வெளியிட்டன. அறிக்கையை மீளாய்வு செய்யப் பிரதமர் தலைமையில் ஐவர் கொண்ட குழுவைச் சபாநாயகர் நியமித்தார். இரண்டு மாதங்களில் முடியவேண்டிய அப்பணி நிறைவேறவில்லை. பழைய முறையின் கீழ் தேர்தல் நடத்த முடியுமா என்று 2019 இல் ஜனாதிபதி வினவியபோது, அதற்கு இடமில்லை என உயர் நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது. 2019 ஒக்டோபரில் கடைசி மாகாண சபையின் பதவிக்காலமும் முடிவடைந்தது. 2025 முடியும் வரையிலும் எந்த மாகாணத்திலும் தேர்தல் நடைபெறவில்லை. ஆளுநர்களே மாகாணங்களை நிர்வகித்தனர்.

இதனையே நாம் அழுத்திக் கூற விரும்புகின்றோம். குறைபாடுள்ள வரைபடம் சில சமூகங்களின் வாக்கின் பெறுமதியைக் குறைத்திருக்கலாம். வரைபடமே இல்லாமை எல்லாச் சமூகங்களின் வாக்கையும் பெறுமதியற்றதாக்கியது. பங்கு சரியில்லை என்று எழுந்து சென்ற அனைவரும் சொத்தை மூன்றாமவர் கையில் விட்டுச் சென்றனர்.

அளவுகோல் எது?

நாம் கடந்து வந்த வரலாறு ஒரே ஓர் அளவுகோலைத் தரவில்லை. வரிசையாகக் கேட்கப்பட வேண்டிய சில வினாக்களையே தருகிறது. முதலில், யார் எண்ணப்பட்டனர், அவர்களுக்கு வாக்குண்டா என்று கேட்க வேண்டும். இதற்கான பாடத்தை 1949 கற்பித்தது. அடுத்து, தொகுதிகளின் சனத்தொகை எவ்வளவு சமமானது, சமமின்மை இருப்பின் அதற்கு எழுதப்பட்ட காரணம் உண்டா என்று நோக்க வேண்டும். மூன்றாவதாக, ஒரு பிரதேசத்தில் நான்கில் அல்லது மூன்றில் ஒரு பங்காக வாழ்வோருக்குத் தமது பிரதிநிதியைத் தெரிவுசெய்யும் உண்மையான வாய்ப்பு உண்டா, கோட்டால் அது இயலாதெனின் பல அங்கத்தவர் தொகுதியோ விகிதாசாரப் பட்டியலோ அதனை ஈடுசெய்கிறதா என்று ஆராய வேண்டும். இவ்வினாவைக் கல்முனை முஸ்லிமுக்காகக் கேட்பவர் மூதூர்த் தமிழருக்காகவும் கிழக்கின் சிங்களவருக்காகவும் அதே குரலில் கேட்க வேண்டும்.

நான்காவது வினா ஒப்பீடு பற்றியது. வரைபடம் ஒன்றைத் தனியாக வைத்து நோக்கினால் அது நீதியானதா என்பது புலப்படாது. அதே மக்களை, அதே விதிகளுக்கு உட்பட்டு, வேறு எத்தனை விதமாகப் பிரித்திருக்கலாம் என்பதோடு ஒப்பிட வேண்டும். 2018 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றம் அம்மாநிலத் தொகுதி வரைபடத்தை இரத்துச் செய்தபோது இவ்வகைச் சான்று அதன் முன் இருந்தது. பக்கச்சார்பின்றிக் கணினி வரைந்த நூற்றுக்கணக்கான வரைபடங்களோடு ஒப்பிடும்போது, சட்டமன்றம் வரைந்தது ஒரு கட்சிக்கு எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை நிபுணர்கள் காட்டினர். இன்று நமது பல்கலைக்கழகங்களிலும் இதற்கான கருவிகள் உண்டு. குடிசன மதிப்பீட்டுத் தரவும் கிராம சேவகர் பிரிவு வரை கிடைக்கிறது.

இறுதியாக, கோடு கீறியவர் அதன் பயனைப் பெறுபவரா என்று கேட்க வேண்டும். தொகுதியை வென்றெடுக்க வேண்டிய அரசியல்வாதிகளே இறுதித் தீர்ப்பையும் வழங்குவர் எனின், 139 பேரும் எதிர்த்து வாக்களித்ததில் வியப்பேது? ஒவ்வொருவரும் தமது பங்கையே பார்த்திருப்பர்.

நமது நிறுவனங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. எல்லை நிர்ணயம் நடைபெறும் போதெல்லாம் மகஜர் கையளிப்பதோடு நமது பணி முடிந்துவிடுகிறது. மகஜர் குறையைச் சொல்லும், மாற்று வழியைச் சொல்லாது. நம்மிடையே புவியியல் கற்றோரும் கணிதம் கற்றோரும் சட்டம் கற்றோரும் இருக்கின்றனர். அவர்கள் ஒன்றுகூடி, விதிகளுக்கு உட்பட்ட, அயலவருக்கும் நியாயம் வழங்கும் ஒரு வரைபடத்தைத் தாமே வரைந்து, கணக்குகளோடு ஆணைக்குழுவின் மேசையில் வைக்க வேண்டும். தமிழ், மலையக, சிங்கள அறிஞர்களோடு இணைந்து அதனைச் செய்தால் அதன் பெறுமதி மேலும் உயரும். ஏற்றுக்கொள்ளப்படாவிடினும், அடுத்த வரைபடத்தை அளப்பதற்கு அது ஓர் அளவுகோலாக எஞ்சும்.